எண்களை அளக்கும் பொருளியல்: எல்லை ஊர்க்காரர்கள் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வண்ணாமடைப் பக்கம் எங்கே போனாலும் என்னிடம் கேட்பவை ஏறக்குறைய இதே கேள்விகள்தான். நான் கல்லூரியில் பொருளியல் சொல்லிக்கொடுக்கிறேன். நாட்டு வருமானம், விலைவாசி ஆகியவற்றின் கணக்கு எப்படித் தயாராகிறது என்பது என் ஆராய்ச்சி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன.

"பொருளியல் ஆராய்ச்சின்னா என்னங்க டீச்சர்? பேங்க் வேலையா, ஷேர் மார்க்கெட்டா?"

இரண்டும் இல்லை. ஒரு வீட்டையோ ஒரு கடையையோ பார்க்காமல் மொத்த நாட்டின் வருமானம், விலைவாசி, வேலைவாய்ப்பு, வட்டி இவற்றைப் பார்ப்பது பேரியல் பொருளாதாரம். அதற்குள் ஒரு பிரிவு, அந்த எண்களையே ஆராய்வது. "வளர்ச்சி 7 சதவீதம்" என்று செய்தியில் சொன்னால், அந்த 7 எங்கிருந்து வந்தது, யாரிடம் என்ன கேட்டார்கள், எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்று கேட்பதுதான் எங்கள் வேலை.

நாள் முழுக்கச் செய்வது என்ன என்று கேட்டால், பெரும்பாலும் சர்வே கேள்வித்தாள்களைப் படிப்பது, கணினியில் லட்சக்கணக்கான வரிகள் கொண்ட தரவைச் சரிபார்ப்பது, பழைய அறிக்கைகளின் பின்னிணைப்பைத் தேடுவது, எழுதுவது, திருத்துவது. ஒரு கட்டுரை முதல் வரைவாகி, கருத்தரங்குகளில் கேள்விகளைச் சந்தித்து, முகம் தெரியாத மதிப்பீட்டாளர்கள் சொன்ன திருத்தங்களைச் செய்து இதழில் வர சில வருடங்கள் ஆகிவிடும். பொறுமை இல்லாதவர்களுக்கு இது ஒத்துவராது.

"ஜி.டி.பி.யெல்லாம் வெள்ளைக்காரங்க கண்டுபிடிச்சதுதானே?"

பாதி சரி. ஒரு வருடத்தில் நாட்டுக்குள் உற்பத்தியான பொருள்கள், சேவைகளின் மொத்த மதிப்புதான் ஜி.டி.பி. அமெரிக்காவில் தொழிலும் வேலையும் சரிந்த பெருமந்தக் காலத்தில், நாடு எவ்வளவு இழந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. பொருளியலாளர் சைமன் குஸ்னெட்ஸ் கணக்கெடுத்து 1934இல் அந்நாட்டு செனட்டுக்கு அறிக்கை கொடுத்தார். இந்த எண்ணை வைத்து மக்களின் நலத்தை முடிவு செய்யாதீர்கள் என்று அந்த அறிக்கையிலேயே எச்சரித்தார். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் ரிச்சர்ட் ஸ்டோனும் ஜேம்ஸ் மீடும் இன்றைய கணக்கு முறைக்கு அடித்தளம் போட்டார்கள்.

ஆனால் அதற்கு வெகு முன்பே தாதாபாய் நவ்ரோஜி, 1867-68க்கு இந்தியர் ஒருவரின் ஆண்டு வருமானம் சுமார் 20 ரூபாய் என்று கணக்கிட்டுக் காட்டினார். ஆட்சியாளர்களிடம் வறுமையை நிரூபிக்க அவருக்கு ஓர் எண் தேவைப்பட்டது. பிறகு காஞ்சிபுரத்தில் பிறந்த வி.கே.ஆர்.வி. ராவ், 1931-32ஆம் ஆண்டுக்கு பிரிட்டிஷ் இந்தியாவின் வருமானத்தை அளந்தார். 1949இல் அமைந்த தேசிய வருமானக் குழுவில் புள்ளியியலாளர் மகலனோபிஸ் தலைவர். பொருளியலாளர்கள் காட்கிலும் ராவும் உறுப்பினர்கள். 1950இல், நாடெங்கும் சில வீடுகளைத் தேர்ந்தெடுத்துக் கேட்கும் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது. ஏழை நாடு ஒன்று இவ்வளவு பெரிய சர்வேயை அப்போதே நடத்தியது உலகத்துக்கே முன்மாதிரி. நம் பிள்ளைகள் இதைப் பெருமையோடு தெரிந்துகொள்ள வேண்டும்.

"என் பையன் இந்த லைனுக்கு வரணும்னா என்ன படிக்கணும்ங்க? எத்தனை வருஷம் ஆகும்?"

பி.ஏ. பொருளியல் போதும். ஆனால் கணிதத்தையும் புள்ளியியலையும் விடக் கூடாது. பிளஸ் டூவில் கணக்கு எடுக்காதவர்கள், இளங்கலை படிக்கும்போதே நுண்கணிதமும் நேரியல் இயற்கணிதமும் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு முதுகலை. திருவனந்தபுரத்தில் கே.என். ராஜ் தொடங்கிய வளர்ச்சி ஆய்வு மையம், சென்னைப் பொருளியல் பள்ளி, மும்பையில் ரிசர்வ் வங்கி 1987இல் நிறுவிய இந்திரா காந்தி ஆய்வு நிறுவனம், டெல்லிப் பொருளியல் பள்ளி, இந்தியப் புள்ளியியல் நிறுவனம் எல்லாம் இதற்குப் பேர்போனவை. நுழைவுத் தேர்வு உண்டு. சித்தூரிலிருந்து திருவனந்தபுரமும் சென்னையும் ஒரு ராத்திரி ரயில்தான். தூரத்தைச் சொல்லிப் பிள்ளையைத் தடுக்காதீர்கள்.

முதுகலைக்குப் பிறகு முனைவர் பட்டத்துக்கு ஐந்து, ஆறு வருடம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆக, பிளஸ் டூ முடித்ததிலிருந்து பத்து வருடத்துக்கு மேல். நடுவில் ஒரு வருடம் ஏதாவது ஆய்வுத் திட்டத்தில் உதவியாளராகச் சேர்வது மிக நல்லது. தரவு என்றால் என்ன என்று அப்போதுதான் கை வழியாகத் தெரியும்.

"அத்தனை வருஷம் சோத்துக்கு என்ன பண்றது?"

கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. வாடகைப்படி தனி. வெளிநாட்டில் இடம் கிடைத்தால் பெரும்பாலும் கட்டணமும் உதவித்தொகையும் பல்கலைக்கழகமே பார்த்துக்கொள்ளும். உதவிப் பேராசிரியருக்கு ஏழாவது ஊதியக்குழுப்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700. இதில் நிரந்தர இடம் கிடைக்கத் தாமதமாகிறது என்பதையும் பெற்றோர் தெரிந்தே முடிவெடுக்க வேண்டும்.

"நான் தமிழ் மீடியம்க்கா. இங்கிலீஷும் வராது, மலையாளமும் அரைகுறை. என்னால முடியுமா?"

முடியும். ஆய்வுக் கட்டுரை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருக்கும், மறைக்கவில்லை. ஆனால் இந்தத் துறையின் ஆங்கிலம் இலக்கிய ஆங்கிலம் இல்லை. சின்னச் சின்ன வாக்கியங்கள், திரும்பத் திரும்ப வரும் சொற்கள். இரண்டு வருடம் விடாமல் வாசித்தால் பிடிபட்டுவிடும்.

இன்னொன்று சொல்கிறேன், கண்ணு. உன் வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம், வேலை தேடிப் போவது கோயம்புத்தூருக்கு. ஒரே குடும்பத்தின் பிழைப்பு இரண்டு மாநிலக் கணக்கில் எப்படிப் பிரிந்து விழுகிறது என்று நகரத்தில் வளர்ந்த மாணவருக்குப் பாடம் எடுத்துத்தான் புரியவைக்க முடியும். உனக்கு அது தினமும் கண்ணெதிரே நடக்கிறது. கீழே வரும் கேள்விகளில் பாதி இப்படி நம் ஊர் வாழ்க்கையிலிருந்து வந்தவைதான்.

"அப்பா தோப்புல கள்ளு எறக்கறாரு. அதெல்லாம் நாட்டு வருமானத்துல வருமா?"

வரும். கேரளத்தில் கள் உரிமம் பெற்ற தொழில். சித்தூர்ப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் இறக்கும் கள்தான் மற்ற மாவட்டத்து ஷாப்புகளுக்கும் வண்டி ஏறிப் போகிறது. இறக்குபவரின் கூலி, தோப்புக்காரரின் வருமானம், ஷாப்பின் லாபம் எல்லாம் உற்பத்தி மதிப்பில் சேரும்.

அப்படியே எல்லை தாண்டுங்கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. அதே மரம், அதே உழைப்பு, ஆனால் அங்கே இறக்கினால் குற்றம். கணக்கு முறைக்கான சர்வதேசக் கையேடு, விற்பவரும் வாங்குபவரும் விருப்பத்தோடு செய்யும் வியாபாரம் சட்டவிரோதமாக இருந்தாலும் உற்பத்தியில் சேர வேண்டும் என்றுதான் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் 2014இல் போதைப்பொருள், பாலியல் தொழில் போன்றவற்றுக்கும் மதிப்பீடு போட்டுச் சேர்க்கத் தொடங்கின. இந்தியாவில் அப்படிச் செய்வதில்லை. ஆகவே நாளைக்கே தமிழ்நாடு தடையை நீக்கினால், மறைவாக நடந்துகொண்டிருந்த அதே வேலை வெளியே வந்து "வளர்ச்சி" என்று கணக்கில் ஏறும். கூடுதலாக ஒரு சொட்டுக்கூட இறக்கியிருக்க மாட்டார்கள்.

"அம்மா காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு ராத்திரி வரைக்கும் வேலை செய்யறாங்க. அதுக்கு என்ன கணக்கு?"

இங்கேதான் எனக்கு மனக்குறை. கணக்கு முறையில் ஒரு கோடு கிழித்திருக்கிறார்கள். வீட்டு மாடு கறந்த பாலைச் சொசைட்டிக்கு ஊற்றினாலும் சரி, வீட்டிலேயே குடித்தாலும் சரி, அது உற்பத்தி. அந்தப் பாலைக் காய்ச்சிக் குழந்தைக்குக் கொடுப்பது உற்பத்தி இல்லை. சொந்த உபயோகத்துக்கு விளைவித்த பொருள் கோட்டுக்கு உள்ளே. சமையல், துவைத்தல், பிள்ளை வளர்ப்பு, முதியவரைப் பார்த்துக்கொள்வது கோட்டுக்கு வெளியே.

1940களில் மத்திய ஆப்பிரிக்கக் கிராமங்களில் கணக்கெடுக்கப் போன ஃபிலிஸ் டீன் என்ற இளம் பெண் ஆய்வாளர், பெண்கள் விறகு சேகரிப்பதையும் உணவு தயாரிப்பதையும் விட்டுவிட்டால் அந்த ஊர்களின் கணக்கே பொய்யாகிவிடும் என்று வாதாடினார். அவர் பேச்சு அன்று எடுபடவில்லை. இந்தியாவில் 1998-99இல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் நேரப் பயன்பாட்டு ஆய்வு முதன்முதலில் நடந்தது. 2019இல் நாடு முழுக்க நடந்த ஆய்வில், சம்பளமில்லா வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறார்கள் என்று தெரிந்தது. அதே வேலையைச் செய்யும் ஆண்களுக்கு 97 நிமிடம். ஜி.டி.பி.க்குள் சேர்க்காவிட்டாலும், பக்கத்திலேயே ஒரு துணைக் கணக்காக வருடாவருடம் இதை வெளியிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

"நான் வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி கோயம்புத்தூர் மில்லுக்குப் போறேன். என் சம்பளம் எந்த ஸ்டேட் கணக்குல வரும்?"

தமிழ்நாட்டுக் கணக்கில். மாநில உற்பத்தி, வேலை நடந்த இடத்தை வைத்து எழுதப்படுகிறது. ஆனால் சாயங்காலம் வீடு திரும்பி கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் நீங்கள் வாங்கும் காய்கறி, பள்ளிக் கட்டணம், கரண்ட் பில் எல்லாம் குடும்பச் செலவு ஆய்வில் கேரளத்தின் பேரில் வரும். இப்படி மாநிலம் விட்டு மாநிலம் போகும் கூலிக்கு எங்கேயும் ஒழுங்கான பதிவு கிடையாது.

இதே கதை பெரிய அளவில் நடப்பது வளைகுடாப் பணத்தில். அங்கே உழைத்து அனுப்பும் காசு இந்தியாவின் ஜி.டி.பி.யிலும் வராது, கேரளத்தின் மாநில உற்பத்தியிலும் வராது. அதைப் பார்க்க வேறொரு அளவை, நாடு செலவழிக்கக் கிடைக்கும் மொத்த வருமானத்தை எடுக்க வேண்டும். திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தில் 1998இல் தொடங்கிய கேரளப் புலம்பெயர்வு ஆய்வு இல்லாவிட்டால் இந்தப் பணத்தின் அளவே பிடிபட்டிருக்காது. 2022-23 செலவு ஆய்வில் ஓர் ஆளுக்கு மாதச் செலவு, கிராமப்புறத்தில் கேரளம் 5,924 ரூபாய், தமிழ்நாடு 5,310. நகரத்தில் கேரளம் 7,078, தமிழ்நாடு 7,630. கிராமத்தில் கேரளம் முன்னே, நகரத்தில் தமிழ்நாடு முன்னே. ஏதாவது ஓர் எண்ணை மட்டும் வைத்து எந்த மாநிலம் வசதியானது என்று சொல்லப் போனால் எப்படி வழுக்கும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

"விலைவாசி அஞ்சு சதவீதம்தான் ஏறிச்சுன்னு டி.வி.ல சொல்றாங்க. எங்க வீட்டுல அப்படித் தெரியலையே?"

உங்கள் வீட்டுக் கணக்கும் சரி, டி.வி. சொல்வதும் பொய்யில்லை. நுகர்வோர் விலைக் குறியீடு ஒரு பெரிய கூடை. எந்தப் பொருளுக்கு எவ்வளவு பங்கு என்பதைச் செலவு ஆய்வை வைத்து முடிவு செய்வார்கள். 2012ஐ அடிப்படையாகக் கொண்ட தொடரில் உணவு, பானங்களின் பங்கு 45.86 சதவீதம், விலையை 1,181 கிராமங்களிலும் 1,114 நகரச் சந்தைகளிலும் எடுத்தார்கள். வருமானத்தில் முக்கால்வாசி சோற்றுக்கே போகும் வீட்டுக்கு, தக்காளி விலை ஏறும்போது வலி குறியீட்டைவிட அதிகமாகத்தான் இருக்கும்.

அப்புறம், பணவீக்கம் குறைந்தது என்றால் விலை குறைந்தது என்று அர்த்தமில்லை. ஏறும் வேகம் குறைந்தது, அவ்வளவுதான். இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

"அந்தப் பக்கம் ரேஷன் அரிசி சும்மா கிடைக்குது. விலையே இல்லாததை எப்படி டீச்சர் அளப்பீங்க?"

நல்ல கேள்வி. ஒரு கருத்தரங்கு நடத்தலாம். தமிழ்நாட்டில் 2011இலிருந்து அரிசி அட்டைக்காரர்களுக்கு அரிசி இலவசம். அந்த வீட்டின் செலவுக் கணக்கில் அரிசிக்கு நேரே பூஜ்யம் போட்டால், தட்டு நிறையச் சோறு இருந்தும் காகிதத்தில் அந்த வீடு ஏழையாகத் தெரியும். சந்தை விலை போட்டால், கையில் இல்லாத காசு இருப்பதாகக் காட்டும்.

2022-23 ஆய்வில் இரண்டு விதமாகவும் வெளியிட்டார்கள். இலவசப் பொருள்களைச் சேர்க்காமல் கிராமப்புறத்தில் ஓர் ஆளுக்கு 3,773 ரூபாய், நகரத்தில் 6,459. மதிப்புப் போட்டுச் சேர்த்தால் 3,860, 6,521. இது நாட்டுச் சராசரி. இலவச அரிசியையே நம்பியிருக்கும் வீட்டில் வித்தியாசம் இதைவிடப் பெரியது. என்னைக் கேட்டால் இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். முதலாவது, குடும்பம் கையிலிருந்து எவ்வளவு செலவழித்தது என்று சொல்கிறது. இரண்டாவது, எவ்வளவு நுகர்ந்தது என்று சொல்கிறது. வறுமையைப் பற்றிப் பேசுபவர் எதை எடுத்தார் என்று கேட்காமல் அவர் முடிவை ஏற்காதீர்கள்.

"கேள்வியை மாத்திக் கேட்டா ஏழைங்க எண்ணிக்கையே மாறும்னு சொன்னீங்களே, அது எப்படி?"

1999-2000இல் நடந்தது இது. அதுவரை தேசிய மாதிரி ஆய்வில் "கடந்த 30 நாளில் உணவுக்கு எவ்வளவு செலவு" என்று கேட்டு வந்தார்கள். அந்த முறை அதே தாளில், அதே ஆளிடம், "கடந்த 7 நாளில்" என்றும் பக்கத்திலேயே கேட்டார்கள். பதில் சொல்பவர் இரண்டையும் ஒத்துப்போகச் செய்யப் பார்ப்பார், இல்லையா? அதனால் 30 நாள் செலவு வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பதிவானது. அந்தச் செலவை வைத்து நாட்டில் வறுமை 26.1 சதவீதமாகக் குறைந்தது என்று அறிவித்தார்கள். குறைந்தது நிஜமா, கேள்வித்தாளின் வேலையா என்று பல வருடம் விவாதம் நடந்தது.

பொருளியலாளர் ஆங்கஸ் டீட்டன் ஒரு வழி கண்டார். விளக்கு, எரிபொருள் போன்ற சில செலவுகளைப் பழைய மாதிரியே 30 நாளுக்கு மட்டும்தான் கேட்டிருந்தார்கள். கெடாமல் இருந்த அந்தப் பகுதியை வைத்து மொத்தத்தைத் திருத்தினார். வறுமை குறைந்தது உண்மை, ஆனால் சொன்ன அளவுக்கு இல்லை என்று தெரிந்தது. நுகர்வு, வறுமை, நலம் பற்றிய ஆய்வுகளுக்காக 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 2022-23 ஆய்விலும் ஒரே முறைக்குப் பதில் மூன்று முறை வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்கிறார்கள். அதனால் பழைய ஆய்வோடு அப்படியே ஒப்பிடுபவர்களிடம் கவனமாக இருங்கள்.

"ஜி.டி.பி. கணக்கே தப்புன்னு பெரிய ஆளுங்களே சண்டை போடறாங்க. அப்ப எதை நம்பறது?"

2015 ஜனவரியில் 2011-12ஐ அடிப்படை ஆண்டாக, அதாவது விலைகளை ஒப்பிடும் ஆண்டாக வைத்து ஜி.டி.பி.யின் புதுத் தொடர் வந்தது. அதிலிருந்துதான் சண்டை. மத்திய அரசின் தலைமைப் பொருளாதார ஆலோசகராக இருந்த அரவிந்த் சுப்பிரமணியன் 2019இல், 2011-12 முதல் 2016-17 வரை வளர்ச்சி 7 சதவீதம் என்று சொல்லப்பட்டாலும் உண்மையில் 4.5 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும் என்று எழுதினார். பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழு அதை மறுத்து விரிவாகப் பதில் தந்தது. ஆர். நாகராஜ் போன்ற பொருளியலாளர்கள் தனியார் கம்பெனிகளின் பங்கைக் கணக்கிட்ட முறையைக் கேள்வி கேட்டார்கள்.

சண்டையின் ஒரு முக்கியப் புள்ளியை மட்டும் சொல்கிறேன். நம் பக்கத்துக் கயிறு ஃபேக்டரி ஒன்றை எடுங்கள். இந்த வருடமும் போன வருட அளவே கயிறு, அதே விலை. ஆனால் தேங்காய் மட்டையின் விலை சரிந்துவிட்டது. கயிறு விற்ற காசில் மட்டை வாங்கிய காசைக் கழித்தால் மிச்சம் கூடியிருக்கும். அதைக் கயிற்றின் விலையால் மட்டும் வகுத்து "உண்மை உற்பத்தி" என்று எழுதினால், ஒரு முழம்கூட அதிகம் திரிக்காமலே வளர்ச்சி வந்துவிடும். சரியாகச் செய்வதென்றால் கயிற்றை அதன் விலையாலும், மட்டையை அதன் விலையாலும் தனித்தனியே சரிசெய்து, அப்புறம் கழிக்க வேண்டும். இந்தியாவில் அந்தத் தொடரில் தொழில்துறைக்கு ஒற்றை விலையால் சரிசெய்யும் முறைதான் இருந்தது. கச்சா எண்ணெய் விலை 2014-15இல் விழுந்தபோது இது பெரிய பிரச்சினையாகத் தெரிந்தது.

சுப்பிரமணியன் சொன்ன அளவை நான் அப்படியே ஏற்கவில்லை. கரண்ட் உபயோகம், கடன், ஏற்றுமதி, இறக்குமதி மாதிரியான குறிகளை வைத்து நாடுகளை ஒப்பிட்டு வந்த முடிவு அது. சேவைத்துறையை அவை முழுதாகப் பிடிக்காது. ஆனால் அவர் எழுப்பிய சந்தேகம் நியாயமானது. நம்புவதா வேண்டாமா என்பதை ஆளை வைத்து முடிவு செய்யாமல், முறையைப் படித்து முடிவு செய்யுங்கள்.

"அரசாங்கத்துக்குப் பிடிக்காத நம்பர் வந்தா அமுக்கிருவாங்கன்னு சொல்றாங்களே?"

பொதுவெளியில் இருக்கும் இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன். 2017-18 தொழிலாளர் ஆய்வில் வேலையின்மை 6.1 சதவீதம். அறிக்கை தாமதமானபோது, 2019 ஜனவரியில் தேசியப் புள்ளியியல் ஆணையத்திலிருந்து பி.சி. மோகனனும் ஜே.வி. மீனாட்சியும் விலகினார்கள். அறிக்கை அந்த மே மாதம் வந்தது. அதே 2017-18இல் எடுத்த செலவு ஆய்வு, தரவின் தரம் சரியில்லை என்று சொல்லி வெளியிடப்படவே இல்லை. அதனால்தான் 2011-12க்கும் 2022-23க்கும் நடுவில் ஒரு பெரிய பள்ளம்.

தரம் சரியில்லை என்றாலும் தரவை வெளியிட்டுவிட வேண்டும் என்பதே என் நிலை. 1999-2000 ஆய்வில் பிழை இருந்தும் வெளியானதால்தான், முன் கேள்வியில் சொன்ன டீட்டன் போன்றவர்களால் அதைத் திருத்திப் பயன்படுத்த முடிந்தது.

"அப்ப ஆராய்ச்சி வேண்டாம், கவர்ன்மென்ட்டுலயே சேர்ந்து கணக்கெடுக்கலாமா?"

தாராளமாக. யூ.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணிக்குப் பட்டப்படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருக்க வேண்டும், அல்லது அதில் முதுகலை. இந்தியப் பொருளாதாரப் பணிக்குப் பொருளியல் முதுகலை. ரிசர்வ் வங்கியின் ஆராய்ச்சிப் பிரிவும் உண்டு. எண்ணை உருவாக்குபவருக்கும் அதைக் கேள்வி கேட்பவருக்கும் ஒருவர் இல்லாமல் மற்றவர் இல்லை.

"நம்ம ஊரை வச்சே ஆராய்ச்சி பண்ண முடியுமா, இல்ல டெல்லிக்குத்தான் போகணுமா?"

முடியும், ஒரு எச்சரிக்கையோடு. தேசிய ஆய்வுகளின் வீட்டுவாரித் தரவை புள்ளியியல் அமைச்சகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். 'ஆர்' என்ற இலவச மென்பொருள் போதும். ஆனால் அந்த மாதிரியிலிருந்து சித்தூர் தாலுகாவுக்கு என்று தனி எண் எடுக்க முடியாது. விழும் வீடுகள் மிகக் குறைவு. 2025 ஜனவரியிலிருந்து மாவட்டத்தை அடிப்படை அலகாக வைத்து மாதிரி எடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். மாவட்ட அளவில் பேச அது உதவும்.

தாலுகா, பஞ்சாயத்து அளவுக்கு நாமே சர்வே எடுக்க வேண்டும். மில்லுக்குப் போகும் தம்பியின் கேள்விக்குச் சொன்னேனே, எல்லை தாண்டும் கூலிக்குப் பதிவு இல்லை என்று. வடகரப்பதி, எருத்தேன்பதி, கொழிஞ்சாம்பாறைப் பஞ்சாயத்துகளில் யார் எத்தனை நாள் எல்லை தாண்டி வேலைக்குப் போகிறார்கள், என்ன கூலி, எங்கே செலவு என்று எடுத்தாலே ஒரு முனைவர் பட்டத்துக்கான விஷயம் இருக்கிறது. அதே பொருள், அதே வாரம், எல்லையிலிருக்கும் கோபாலபுரத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் என்ன விலை என்று மாதாமாதம் குறித்து வைப்பதை பி.ஏ. மாணவர்களே செய்யலாம். எந்தக் கடை, எந்த ரகம், எந்த எடை என்று மாறாமல் எழுத வேண்டும். இந்த மாதம் பொன்னி, அடுத்த மாதம் மட்டை அரிசி என்று எழுதினால் அது விலைக் கணக்கு ஆகாது. ஒரு வருடம் எழுதி முடித்தவர்கள் நோட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள். குறியீடு எப்படிப் போடுவது என்று உட்கார்ந்து சொல்லித்தருகிறேன்.